கறார் விலையில் ஒரு கார்

சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் விலை அச்சிட்டு வருகிறது. பத்து லட்ச ரூபாய் காருக்கு? ஜோகுபாளையத்துக் குடும்பம் ஒன்று அந்தக் கேள்வியோடு ஷோரூம் படி ஏறியது.

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ஒரு காலத்தில் இரண்டு அட்டைகள் தவறாமல் தொங்கும். ஒன்று, ‘இன்று ரொக்கம், நாளை கடன்’. இன்னொன்று, ‘கறார் விலை’. முதல் அட்டைக்கு ஓரளவு மரியாதை இருந்தது. இரண்டாவதை யாரும் நம்பியதில்லை. அந்த அட்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டே, “சரி, முடிவா என்ன குடுக்கலாம், சொல்லுங்க” என்று கேட்பது வாடிக்கையாளரின் பிறப்புரிமை. கடைக்காரரும் அதை எதிர்பார்த்தே இரண்டு ரூபாய் ஏற்றி வைத்திருப்பார். இரு தரப்புக்கும் தெரிந்த நாடகம் அது.

பெங்களூரின் அல்சூர் மார்க்கெட்டில் இந்த நாடகம் பல மொழிகளில் நடக்கும். கன்னடத்தில் விலை சொல்லி, தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் அலுத்துக்கொண்டு, உருதுவில் முடித்துவிடுவார்கள். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பது இந்த ஊரின் தாரக மந்திரம். கீரைக்கட்டு முதல் வாடகை வீட்டு அட்வான்ஸ் வரை எல்லாம் அதற்கு உட்பட்டவை.

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் இருப்பது ஜோகுபாளையம். 2011இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு பக்கம் வாடகை எகிறியது. இன்னொரு பக்கம் பழைய சந்துகள் அப்படியே இருக்கின்றன. ஆலை வேலைக்கும் கன்டோன்மென்ட் வேலைக்கும் தலைமுறைகளுக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கு ஏராளம். அப்படி ஒரு குடும்பத்தில், 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மகள் புதுக் கார் வாங்கத் தீர்மானித்தார். அவருக்கு வயது 33. ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலை. அப்பா, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் சொந்தமாக ஓட்டியது ஒரே ஒரு ஸ்கூட்டர்.

மகள் கேட்டது சாதாரணக் கார் அல்ல. சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘விர்’ரென்று பாய வேண்டும். “பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கும்மா ரேஸ் காரு?” என்றார் அம்மா. அப்பா வாய் திறக்கவில்லை. அந்த ஆசையை விதைத்தவரே அவர்தான். இளவயதில் நண்பர்களோடு ராத்திரி ரயில் பிடித்து, சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த கார் பந்தயங்களைப் பார்க்கப் போனவர் அவர். மாருதி 800இன் இன்ஜினை வைத்தே ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களை உருவாக்கிய கோவை கரிவர்தனைப் பற்றி மகளுக்குக் கதை கதையாகச் சொன்னவர். கரிவர்தன் 1995இல் மறைந்தார். அதே கோவையிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானபோது, ஜோகுபாளையத்து அந்த வீட்டில் டி.வி. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஃபிட்டர். மற்றவர் பள்ளிக்கூட மாணவி.

சின்னக் காரில் பந்தயக் காரின் துடிப்பைக் கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் புதிதல்ல. 2018 அக்டோபரில் டாடா நிறுவனமும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாக, டியாகோ காரை டர்போ இன்ஜினோடு 6.39 லட்ச ரூபாய்க்கு அறிமுகம் செய்தன. ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் வாங்கியவர்கள் குறைவு. 2020இல் அந்த முயற்சி முடிவுக்கு வந்தது. பிறகு மற்ற கம்பெனிகள் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின்களோடு வந்தன. இந்த அளவுக் கணக்குக்குக் காரணம் வரிச் சட்டம். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள் இருந்தால் அது ‘சின்னக் கார்’. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அதன் மேல் இருந்த செஸ்ஸும் போனது. ‘எப்போதாவது’ என்றிருந்த மகளின் கனவுக்குத் தேதி குறித்தது அந்த அறிவிப்புதான்.

ஷோரூமில் முதல் நாள். கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் ஒருவர் தண்ணீர் கொடுத்து வரவேற்றார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். மைலேஜ், இன்ஜின் திறன், கியர் எல்லாவற்றையும் அப்பாவைப் பார்த்தே விளக்கினார். நிறத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மகள் பக்கம் திரும்பினார். “மேடத்துக்கு ஆட்டோமேட்டிக் ஈஸியா இருக்கும் சார்.” மேடம், கியர் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து விலையைக் கேட்டார். இளைஞர் மறுபடியும் அப்பாவிடம்தான் சொன்னார். “கம்பெனி ஃபிக்ஸட் பிரைஸ் சார். எங்க போனாலும் இதே விலைதான். ஒரு ரூபா கூட்ட மாட்டோம், ஒரு ரூபா குறைக்க மாட்டோம்.”

அப்பாவின் முகம் வாடிவிட்டது. நாற்பது வருடமாகத் தீட்டி வைத்திருந்த கத்தியை உறையிலிருந்து எடுக்கவே விடவில்லையே! மகளுக்கோ மனசுக்குள் நிம்மதி. அந்த நிம்மதி, விலைச் சீட்டு கைக்கு வரும்வரைதான் நீடித்தது.

ஷோரூம் விலை 9,40,000 ரூபாய். கர்நாடகத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 14 சதவிகிதம். அது 1,31,600 ரூபாய். அந்த வரி மீது மேல்வரி தனி. இதுவரை அரசாங்கக் கணக்கு, யாரும் கேள்வி கேட்க முடியாது. அதற்குக் கீழே வந்தவைதான் வேடிக்கை. இன்ஷூரன்ஸ் 46,000. ‘கையாளும் கட்டணம்’ 9,500. தரைவிரிப்பு, மட்கார்டு, சீட் கவர் அடங்கிய ‘அடிப்படைப் பொருள்கள்’ 14,800. கூடுதல் வாரன்ட்டி 18,000. ஒன்பது லட்சத்து நாற்பதாயிரமாக இருந்த ‘ஒரே விலை’, சீட்டின் அடிக்கு வந்து சேரும்போது பதினொன்றே முக்கால் லட்சத்தை நெருங்கியிருந்தது.

மற்றவர்களின் சம்பளச் சீட்டில் பிடித்தங்களை வரிசையாக எழுதுவதுதான் மகளின் தொழில். எந்தப் பிடித்தம் சட்டப்படி, எது நிர்வாகத்தின் இஷ்டப்படி என்பது அவருக்குப் பார்த்ததும் தெரியும். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தார். “யோசிச்சு வர்றோம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

விலை பேசாமல் கார் விற்கலாம் என்று உலகத்துக்கு உரக்கச் சொன்னது அமெரிக்காவின் ‘சாட்டர்ன்’. ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளையாகப் பிறந்த அந்த நிறுவனம், 1990இல் டென்னஸி மாநிலத்தின் ஸ்பிரிங் ஹில் ஊரிலிருந்து சின்னக் கார்களை விற்கத் தொடங்கியது. கொஞ்சம் துடிப்பான கூப்பே வகையும் அதில் உண்டு. ஒட்டிய விலைதான் விலை, பேரம் கிடையாது. விற்பவரைக் கண்டு பயந்து கிடந்த அமெரிக்கர்கள் இதை ஒரு விடுதலையாகவே எடுத்துக்கொண்டார்கள். டொயோட்டாவும் இளைஞர்களுக்காக ‘சயான்’ என்ற பெயரில் 2003இல் இதே வழியில் இறங்கியது. இரண்டுமே இன்று இல்லை. சாட்டர்ன் 2010இல் மூடப்பட்டது. சயானுக்கு 2016இல் மங்களம் பாடினார்கள்.

பேரம் யாரைக் காயப்படுத்துகிறது என்பதை அதே அமெரிக்காவில் ஒருவர் அளந்தும் காட்டினார். சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ், சிகாகோ நகரின் கார் ஷோரூம்களுக்கு வெள்ளைக்கார ஆண், வெள்ளைக்காரப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் என்று ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே பேரமுறை சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. முடிவு 1991இல் வெளியானது. வெள்ளைக்கார ஆணிடம் வைத்த லாபத்தைவிட வெள்ளைக்காரப் பெண்ணிடம் சுமார் 40 சதவிகிதம் அதிகம். கறுப்பின ஆணிடம் இரண்டு மடங்குக்கு மேல், கறுப்பினப் பெண்ணிடம் மூன்று மடங்குக்கு மேல். பேசத் தெரியாததல்ல அவர்களின் குற்றம். ஒரே மாதிரிதான் பேசினார்கள். விற்பவர் விலையைச் சொல்வதற்கு முன் ஆளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்தியாவில் கார் வாங்குபவருக்குப் பேரம் என்ற பேச்சே வெகுகாலம் இருந்ததில்லை. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்த நாடு இது. 1983இல் மாருதிக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் லட்சத்துக்கும் அதிகம். குலுக்கலில் சீட்டு விழுந்தவர் பாக்கியசாலி. அவர் நினைத்தால் அந்தச் சீட்டையே மேல்பணத்துக்கு விற்றுவிடலாம். கம்பெனிகள் பெருகிய பிறகுதான் ஷோரூம்களில் தள்ளுபடியும் பேரமும் வந்தன. சுற்றி வந்த சக்கரம் 2021 அக்டோபரில் வேறொரு இடத்தில் நின்றது. மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியா, கார்களைத் தானே நேரடியாக, நாடு முழுக்க ஒரே விலைக்கு விற்கத் தொடங்கியது. டீலர்களுக்குக் கமிஷன். பேரம் கிடையாது. ஆக, இந்தியாவில் கறார் விலை முதலில் கிடைத்தது பேரம் பேசத் தேவையே இல்லாத பணக்காரர்களுக்கு!

ஜோகுபாளையத்து மொட்டை மாடியில் அன்று இரவு நடந்தது வேறு விவாதம். அப்பா ஒரு யோசனை வைத்திருந்தார். “ஓசூர்ல அத்தை வீடு இருக்கே. அந்த விலாசத்துல வாங்கிடலாம். நம்பர் பிளேட் டி.என். 70ன்னு வரும், வந்துட்டுப் போகட்டும். தமிழ்நாட்டுல வரி கம்மி.” உண்மைதான். அதே விலைப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் 13 சதவிகிதம். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. பெங்களூர்த் தெருக்களில் வெளி மாநில நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கை நீட்டி நிறுத்துவார்கள் என்பது அப்பாவுக்கே தெரியும்.

“இருக்கறது இந்த ஊர்ல. வரியையும் இங்கயே கட்டறேம்ப்பா.”

“அப்போ நாளைக்கு நான் வந்து பேசறேன். முப்பதாயிரம் குறைக்காம எழுந்திருக்க மாட்டேன். பேசாம வாங்கினா ஏமாளின்னு நினைப்பான்.”

“நான் குறைச்ச விலை கேக்கலப்பா. எல்லாருக்கும் என்ன விலையோ, அதைக் கேக்கறேன். நீங்க பேச வேணாம்.”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. பேச்சுதான் அவர் சொத்து. தச்சரிடம், கொத்தனாரிடம், கல்யாண மண்டபக்காரரிடம் பேசிப் பேசித்தான் ஒரு ஃபிட்டர் சம்பளத்தில் இரண்டு மாடி வீடு எழும்பியது. அவர் பேரம் பேசிச் சேமித்த ஒவ்வொரு நூறு ரூபாயும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக மாறியிருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்வது, அவரையே வேண்டாம் என்று சொல்வதுபோல.

ஆனால் மகள் மறக்காத பேரம் ஒன்றும் அந்த வீட்டில் நடந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சம்பந்தம் பேச வந்தவர்கள், நகை போக ஒரு காரும் கேட்டார்கள். முன் அறையில் அப்பா தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார். காரைப் பைக் ஆக்கினார், பைக்கை ஸ்கூட்டர் ஆக்கினார். பேச்சு முடிந்தபோது வெற்றி பெற்றவராகத்தான் சமையலறைக்கு வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், “எனக்கு இது வேணாம்ப்பா” என்றார். சம்பந்தம் நின்றது. ஏன் வேண்டாம் என்று அவர் அன்று விளக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் அன்று இரவுதான், கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது. “விலையைக் குறைச்சதுக்காக நீங்க சந்தோஷப்பட்டீங்க. விலை பேசறாங்களேன்னு நான் அழுதேன்.”

கீழே போக அப்பாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.

இரண்டாவது முறை ஷோரூமுக்குப் போனபோது மகளிடம் தானே தயாரித்த ஒரு பட்டியல் இருந்தது. குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வரியாகக் கேட்டார். வாகனக் காப்பீட்டை ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாங்குபவர் தனக்குப் பிடித்த கம்பெனியிடம் வாங்கலாம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்தப் பகுதியின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, எங்கு வாங்கினாலும் ஒன்றுதான். காருக்கு நேரும் சேதத்துக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். அதே பாதுகாப்பு வெளியில் 33,500 ரூபாய்க்குக் கிடைத்தது. 12,500 மிச்சம்.

‘கையாளும் கட்டணம்’ எதற்கு என்று கேட்டார். கிடங்கிலிருந்து வண்டியைக் கொண்டுவர, கழுவ, பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப என்று பதில் வந்தது. “விக்கறதுக்கு வச்சிருக்கிற பொருளைக் கடைக்குக் கொண்டுவர்றது கடைக்காரரோட செலவுதானே?” அதற்குப் பதில் இல்லை. மேனேஜரிடம் போய்விட்டு வந்த இளைஞர் அந்த வரியை அடித்தார். சீட் கவர் பொட்டலத்தையும் அடித்தார். கூடுதல் வாரன்ட்டியை மகளே வைத்துக்கொள்ளச் சொன்னார், டர்போ இன்ஜினுக்கு அது தேவை என்று. மொத்தம் குறைந்தது 36,800 ரூபாய். அப்பா சபதம் செய்ததைவிட அதிகம். ஆனால் ஒரு பைசாவும் தள்ளுபடி அல்ல.

கடைசியில் அந்த இளைஞர் குரலைத் தாழ்த்தி, “அக்கா, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு... வண்டி வித்தா எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் போனாத்தான் இன்சென்டிவ்” என்றார். ‘மேடம்’ அக்காவாக மாறியது அப்போதுதான். கறார் விலையின் இன்னொரு முகம் அது. மேலே விலையை இறுக்கிக் கட்டிவிட்டு, கீழே இருப்பவனைச் சில்லறை பொறுக்க அனுப்புகிறது முறை. வாங்குபவர் தெரியாதவராக இருந்தால்தான் அவன் மாதம் ஓடும். மகள் தரைவிரிப்பு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அப்பா அன்று வாக்குக் கொடுத்தபடி விலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் கட்டும் முன் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். அடுத்த முக்கால் மணி நேரம் அந்த வண்டி அவருடையது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தார். முதல் இரண்டு எண்கள் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவினார். கதவு இடுக்குகளின் இடைவெளியை விரலால் அளந்தார். சேசிஸ் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டார். பின் கதவின் ஓரத்தில் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, வேறு வண்டி கேட்டார். கொடுத்தார்கள். “சாருக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று வியந்த இளைஞரிடம், “நாப்பது வருஷம் பாத்த வேலை தம்பி” என்றார். பேரம் பேசி ஜெயித்த எந்த நாளிலும் மகள் அப்பாவை இவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

வண்டி கே.ஏ. 03 எண்ணோடு வந்தது. ஜோகுபாளையத்துச் சந்தில் அதைத் திருப்புவதே ஒரு பந்தயம். எதிரே காய்கறித் தள்ளுவண்டி வந்தால், டர்போ இன்ஜின் பூனைபோலப் பின்வாங்க வேண்டும். பாய்வதற்கு ஞாயிறு விடியற்காலையில் ஓசூர் நெடுஞ்சாலைதான்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருக்காரர் ஒருவர் அதே காரை வேறொரு ஷோரூமில் வாங்கினார். வருடக் கடைசி என்று பேசிப் பேசி, ஷோரூம் விலையிலேயே 12,000 குறைத்தாராம். ‘எங்கே போனாலும் இதே விலை’ என்ற வாக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மகளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பணம் போனதல்ல காரணம். நம்பியது போனது. ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்ற வாசகம் அப்பாவின் நாக்கு நுனி வரை வந்திருக்கும். சொல்லவில்லை. “அவரு டயர் தேதி பாத்தாராமா?” என்று மட்டும் கேட்டார்.

கறார் விலை என்பது ஒருவர் மட்டும் காப்பாற்றக்கூடிய விரதம் அல்ல. கம்பெனி, டீலர், பக்கத்து டீலர், வாங்குபவர் எல்லோரும் சேர்ந்து பிடித்தால்தான் நிற்கும். ஒருவர் விட்டால் போதும், நம்பிக் கொடுத்தவர் ஏமாளியாகிறார். அதற்காகப் பழைய பேரமே மேல் என்று சொல்லிவிடவும் முடியாது. பேசத் தெரிந்தவர் மிச்சம் பிடிக்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. பேசத் தெரியாத விதவையிடமும், மொழி தெரியாமல் வந்திறங்கியவரிடமும், அப்பாவைத் துணைக்கு அழைத்துவராத பெண்ணிடமும்தான் அது வசூலாகிறது.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் ‘எல்லா வரிகளும் உட்பட’ என்று அச்சிட ஒரு சட்டம் இருக்கிறது. பிஸ்கட் வாங்கும் குழந்தையை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அந்த மரியாதைக்கு எவ்வளவு விலை வைக்கலாம்? ஜோகுபாளையத்துப் பெண்ணின் கணக்கில் அது 12,000 ரூபாய். அதிகம்தான். ஆனால் சீட்டில் தன் கையாலேயே அடிக்காமல் விட்ட வரி அது.